குடிபெயர்வார் வீடு

உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் முன்னிரண்டும் மனிதனுடன் எங்கும் செல்லும். மூன்றாவதோ நின்ற இடத்திலேயே நிற்கும். ஊர்விட்டு ஊர் செல்வான் ஒருவன் பெட்டியையும் பாத்திரத்தையும் வண்டியில் ஏற்றலாம். வீட்டை ஏற்றுதல் இயலாது. ஆதலின் அதனை விற்றுப் பொருளாக்கிக் கொள்வதோ, பிறரைக் குடிவைத்துக் கூலி பெறுவதோ, பூட்டிவிட்டுப் போவதோ ஆகிய மூன்றனுள் ஒன்றை அவன் துணிதல் வேண்டும். இவ்வினா எம் இல்லத்திலேயே எழுந்தமையின், அதுபற்றி யாம் எண்ணியவற்றை உடன் பயிலும் அன்பர்கட்கு ஈண்டு உரைக்கப் புகுந்தோம்.

எம் வீடு புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடிப் பேரூரின் ஓரத்தே உள்ளது, எம் பாட்டனார் கட்டியது, ஓடு வேய்ந்தது, பின்புறம் கிணறும் பலாமரமும் உடையது. பலா முன்னர் இரண்டு இருந்தன. 2018ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16ஆம் நாள் வீசிய கஜாப் புயல் ஒன்றை வேரோடு சாய்த்து, கூரையின் பாதி ஓட்டையும் வாரிச் சென்றது. எஞ்சிய மரமும் புதிதாய் வேய்ந்த கூரையுமே இன்று எம் உடைமை. எம் தந்தையார்க்குக் கோயம்புத்தூரில் வேலை அமைந்தமையின் குடும்பம் அங்குப் பெயர வேண்டுவதாயிற்று.

வீடு யாருடையது என்பதே முதற்கண் எழுந்த கேள்வி. பாட்டனார் உயில் எழுதாமலே மறைந்தார். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, அவ்வாறு இறந்த கிறிஸ்தவர் சொத்தில் மூன்றில் ஒரு கூறு மனைவிக்கும், எஞ்சிய இரு கூறு ஆண் பெண் என்னும் வேற்றுமையின்றி மக்கட்கும் உரியன. ஆகவே எம் அப்பாயிக்கு ஒரு கூறு, தந்தையார்க்கு ஒரு கூறு, அத்தைக்கு ஒரு கூறு. அத்தையோ கணவரை இழந்தவர். மகளைச் செவிலியர் கல்லூரியிற் சேர்த்திருக்கிறார். அவருக்குப் பணம் இன்றே வேண்டும். விற்றுவிடுக என்று அவர் சொல்லியதில் பேராசை சிறிதும் இல்லை என்பதை யாம் அறிவோம்.

கணக்கும் அத்தையின் பக்கமே நின்றது. அடுத்த மனைக்காரர் இருபத்தேழு இலட்சம் ரூபாய் தருவதாகச் சொன்னார். குடிக்கூலிக்கு விட்டால் திங்களுக்கு ஆறாயிரம் கிடைக்கும், ஆண்டுக்கு 72,000. அவ்விருபத்தேழு இலட்சத்தையும் நூற்றுக்கு ஆறு வட்டிக்கு வங்கியில் இட்டாலோ ஆண்டுக்கு 1,62,000 வரும், ஓடு மாற்றும் செலவும் இல்லை, வீட்டுவரியும் இல்லை. எண்ணை மட்டும் நோக்குவார் விற்பதையே துணிவர். ஆயினும் எம் அன்னையார் வேறொன்று சொன்னார்: மூன்றாகப் பிரிந்த பணம் மூன்று கைகளில் சிறுகச் சிறுகக் கரையும், ஒன்பது இலட்சத்திற்குக் கோயம்புத்தூரில் மற்றொரு வீடு வாங்குதல் இயலாது, ஒருமுறை விற்றார் மீளவும் மனை உடையராதல் அரிது. அன்றியும், வாங்குபவர்க்கு வேண்டியது மனையே. வீட்டை அவர் இடித்துவிடுவார் என்பதும் தெளிவு.

விற்கவும் மாட்டாமல், குடிவைக்கவும் மாட்டாமல் பூட்டி வைத்தால் என்னாகும் என்பதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. எம் மாவட்டத்திலேயே திருமயத்தைச் சூழ்ந்து இராயவரம், அரிமளம், கடியாபட்டி முதலிய நகரத்தார் ஊர்கள் உள்ளன. பர்மாவிலும் இலங்கையிலும் மலாய் நாட்டிலும் வட்டித்தொழில் செய்து ஈட்டிய பொருளைக் கொண்டு பர்மாத் தேக்கினால் தூண் நிறுத்தி எழுப்பிய பெருமனைகள் அவை. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாக, அங்கிருந்த செல்வத்தின் பெரும்பகுதி அழிந்தது. தலைமுறைதோறும் பங்காளிகள் பெருகினர். ஒரே வீட்டிற்குப் பலர் உரிமை உடையராயினர். அவருள் ஒருவர் இசையாவிடினும் விற்பனை தடைப்படும். திருமணத்திற்கும் படைப்பிற்குமே திறக்கப்பெறும் வீடுகள் பல. சில மனைகள் பிரிக்கப்பட்டு, அவற்றின் தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் விலைப்பட்டன. ஆயினும் கடியாபட்டிச் சிதம்பர விலாசம் வேறு வழி கண்டது. அது விருந்தினர் தங்கும் விடுதியாகி இன்றும் பொலிவுடன் நிற்கிறது. இச்செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கட்கான முன்பட்டியலிலும் இடம்பெற்றன. பட்டியலில் ஏறுதலால் மட்டும் ஒழுகும் கூரை நிற்பதில்லை. உள்ளே ஆள் இருந்தால்தான் ஒழுகுவது தெரியும்.

குடிவைத்தல் குறித்து எம் உறவினர் பலர் அஞ்சினர். பன்னிரண்டு ஆண்டு இருந்தவனுக்கு வீடு சொந்தமாகிவிடும் என்பது ஊரார் பேச்சு. அது முழுதும் உண்மையன்று. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் கூறும் பன்னிரண்டு ஆண்டு, உரிமையாளனை மறுத்துத் தனதெனக் கொண்டு அனுபவிப்பானுக்கே பொருந்தும். கூலி கொடுத்துக் குடியிருப்பவன் பிறனது உரிமையை ஒப்பியன்றோ இருக்கிறான்? இனி, 2017இல் இயற்றப்பெற்று 2019 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், நகர்ப்புறங்களில் ஒப்பந்தத்தை எழுத்தில் அமைத்து வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுமாறு பணிக்கிறது. அச்சத்திற்கு மருந்து பூட்டு அன்று, எழுத்தும் பதிவுமே.

ஒத்திக்கு விடலாம் என்றும் ஒருவர் சொன்னார். ஒற்றி என்னும் பழஞ்சொல்லே வழக்கில் ஒத்தி என மருவிற்று. ஒரு பெருந்தொகையைப் பெற்று, கூலியின்றிக் குடியிருக்கவிட்டு, தவணை முடிவில் அத்தொகையைத் திருப்பி வீட்டை மீட்பது அம்முறை. அத்தையின் தேவைக்கு அது உடனே உதவும். ஆயினும் அது வருவாய் அன்று, கடன். கல்லூரிக் கட்டணமாகச் செலவாகிய தொகையைத் தவணை நாளில் எங்கிருந்து எடுப்பது? எம் தந்தையார் அதனை விலக்கினார்.

இஃது இவ்வாறிருக்க, லேவியராகமத்தின் இருபத்தைந்தாம் அதிகாரத்து விதி ஒன்று எம் நினைவுக்கு வந்தது. மதில் சூழ்ந்த நகரத்து வீட்டை விற்றவன் ஓராண்டுக்குள் மீட்டால் மீட்டதே. தவறினால் அது வாங்கினவனுக்கே நிலைபெறும். மதில் இல்லாத ஊரின் வீடோ நிலத்தோடு ஒப்ப எண்ணப்படும், என்றும் மீட்கலாம், யூபிலி ஆண்டில் தானே திரும்பும். ஆலங்குடிக்கு மதில் இல்லை. ஆனால் எம் நாட்டுக் கிரயப் பத்திரத்திற்கு யூபிலியும் இல்லை. விற்றது விற்றதே. ஆதலின் மீள இயலாத செயலை இறுதியில் வைத்து, மீளத்தக்கதை முதலிற் செய்தலே தக்கது என்று எமக்குத் தோன்றிற்று.

ஒரு கூறு உடையவராகிய அப்பாயி அதுகாறும் வாய் திறந்திலர். தந்தையார் அவரை வினவியபோது, “பூட்டிப் போடாதப்பா; யாரு பத்த வச்சாலும் சரி, அடுப்பு எரியட்டும்” என்றார். தமிழில் குடி என்னும் ஒரு சொல்லே வீட்டையும் குடும்பத்தையும் ஊரையும் குறிப்பதன் பொருத்தம் அன்று எமக்கு நன்கு விளங்கிற்று.

முடிவு இவ்வாறு அமைந்தது. வீட்டை வட்ட அலுவலகத்தில் பணிபுரியும் ஒருவர் குடும்பத்திற்குப் பதிவு பெற்ற ஒப்பந்தத்தின்படி விடுத்தோம். கூலி ஆறாயிரமும் அத்தைக்கே செல்லும். அதனோடு தந்தையார் தம் ஊதியத்தினின்று மேலும் ஆறாயிரம் சேர்ப்பார். ஆண்டுக்கு 1,44,000 ஆக, அத்தையின் ஒன்பது இலட்சம் ஆறாண்டு மூன்று திங்களில் தீரும். தீர்ந்தபின் அவர் விடுதலைப் பத்திரம் எழுதித் தருவார். இவ்வாண்டுக் கல்லூரிக் கட்டணத்திற்காக அன்னையார் தம் சங்கிலியை அடகு வைத்தார். இதனால் யாம் கோயம்புத்தூரில் சிறியதொரு பகுதியில் நெருங்கி வாழவும், தம்பி ஒருவன் அரசுப் பள்ளிக்கு மாறவும் நேர்ந்தது. வீட்டைக் காப்பதற்கும் விலை உண்டு. அதனை ஒருவரே கொடுப்பதில்லை.

இம்முடிவு எல்லார்க்கும் ஏற்றது என்று யாம் கூறோம். கடன் மிக்கார்க்கும், மீண்டு வாரா உறுதி உடையார்க்கும், பங்காளிகள் பெருகி மனம் வேறுபடும் நிலையினர்க்கும் காலத்தே விற்றுப் பகிர்தலே நன்று. தேக்குத் தூண்கள் தனித்தனியே விலைப்படும்வரை காத்திருத்தல் வீட்டிற்கும் நன்றன்று, உறவிற்கும் நன்றன்று. ஆறாண்டு கழிந்தபின் எம்முள் ஒருவரும் ஆலங்குடிக்குத் திரும்பாராயின் எம் வீட்டில் இவ்வினா மீண்டும் எழும். அப்பொழுது அதற்கு விடை கூறும் பொறுப்பு எம் தலைமுறையினதாகும். அதுவரை கூரையில் ஓடும், கிணற்றில் நீரும், அடுப்பில் தீயும் இருக்கும்.