திரைக்கு வராத கணக்கு

13 அக்டோபர் 2025, திங்கள், சித்தூர்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் நாளையோடு நிற்கின்றன. டிபிஎம் 2.0 சிப்பும், எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் பிராசஸரும் உள்ள ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் எல்லாம் விண்டோஸ் 11-க்கு மாறிவிட்டன. டாலி திறக்கிறது, பிரின்டர் அச்சடிக்கிறது, எடைமேடை சிஸ்டத்திலிருந்து ஃபைல் வருகிறது. ஒவ்வொரு பிரிவிலும் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கியாயிற்று. சாயங்காலம் மீட்டிங் ஹாலிலிருந்து கணக்குப் பிரிவு அக்காவின் போன். "தம்பி, புரொஜெக்டர் லிஸ்ட்லயே வரமாட்டேங்குது."

சனிக்கிழமை எங்கள் ஆலைக்குப் பழம் தந்த மா விவசாயிகள் வருகிறார்கள். இந்த வருஷம் தோத்தாபுரி குவிந்து விலை சரிந்தபோது, ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய், ஆக கிலோவுக்கு 12 ரூபாய் என்று ஆந்திர அரசு அறிவித்தது. எந்தத் தேதியில் யார் எத்தனை டன் இறக்கினார்கள், எவ்வளவு கொடுத்தாயிற்று, எவ்வளவு பாக்கி என்று திரையில் வரிவரியாகக் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறோம். ஆளுக்கொரு தாள் கொடுத்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தாளை வாங்கியவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார். திரையில் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற கணக்கைத்தான் நாலு பேர் சேர்ந்து கேள்வி கேட்பார்கள்.

14 அக்டோபர், செவ்வாய், சித்தூர்

காலையில் முதல் வேலையாக மீட்டிங் ஹால். புரொஜெக்டர் உட்கூரையில் தொங்குகிறது. அதற்குப் போவது லேன் வயர் மட்டும்தான். ஹால் நீளமானது என்பதால் எச்டிஎம்ஐ கேபிள் இழுக்கவே இல்லை. அதன் ஐபி முகவரிக்குப் பிங் அனுப்பினேன், பதில் வந்தது. பிரவுசரில் அதே முகவரியை அடித்தேன், புரொஜெக்டரின் செட்டிங் பக்கம் திறந்தது. ஆக அது நன்றாகத்தான் இருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் முழுக்க ஆபீசில் "புரொஜெக்டர் போச்சு" என்றே பேசிக்கொண்டிருந்தார்கள்.

புரொஜெக்டரைத் தேடும்போது அதை இணைக்கிற சாஃப்ட்வேர் எந்த ஒரு முகவரிக்கும் குறிவைத்து அனுப்புவதில்லை. தெருமுனையில் நின்று "யார் இருக்கீங்க?" என்று குரல் கொடுப்பதுபோல, அந்த நெட்வொர்க்கில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாகக் கூப்பிடுகிறது. புரொஜெக்டர் பதில் சொல்கிறது. அக்காவின் கம்ப்யூட்டரின் ஃபயர்வால் அந்தப் பதிலை உள்ளே விடவில்லை. செட்டிங்கில் பார்த்தபோது, அப்கிரேடுக்குப் பின் இந்தக் கம்ப்யூட்டர் ஆபீஸ் நெட்வொர்க்கைப் 'பொது' என்று எடுத்துக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டு வைஃபையில் இருக்கவேண்டிய எச்சரிக்கை அது. 'தனியார்' என்று மாற்றி, அந்த ஒரு சாஃப்ட்வேருக்கு மட்டும் ஃபயர்வாலில் அனுமதி கொடுத்தேன். பெயர் பட்டியலில் வந்தது. ஃபயர்வாலையே அணைத்துவிடலாம் என்று பக்கத்தில் ஒருவர் யோசனை சொன்னார். கூடவே கூடாது. சம்பளக் கணக்கு இருக்கிற கம்ப்யூட்டர் இது.

பெயர் வந்தும் படம் வரவில்லை. சாஃப்ட்வேர் பழைய பதிப்பு, விண்டோஸ் 7 காலத்தது. அந்தக் காலத்துப் புரொஜெக்டர் சாஃப்ட்வேர்கள் திரையை நகலெடுக்க 'மிரர் டிரைவர்' என்ற ஒன்றை நம்பியிருந்தன. விண்டோஸ் 8 வந்தபோதே அந்த வழி அடைபட்டு, திரையைப் படியெடுக்க வேறு ஏற்பாடு வந்தது. பழையதை முழுக்க நீக்கிவிட்டுத் தயாரிப்பாளரின் புதிய பதிப்பைப் போட்டதும் வெள்ளைத் திரையில் எக்செல் கட்டங்கள் விழுந்தன. அக்கா கைதட்டினார்.

விஸ்டாவிலும் விண்டோஸ் 7-லும் நெட்வொர்க் புரொஜெக்டரை இணைக்கும் வசதி சிஸ்டத்தோடே வந்தது. பதினொன்றில் கிடையாது. பழகியவர்கள் அதை இன்னமும் ஸ்டார்ட் மெனுவில் தேடுகிறார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

15 அக்டோபர், புதன்

புரொஜெக்டர் டீலர் வந்து புது மாடல் விலைப்பட்டியல் கொடுத்துவிட்டுப் போனார். வேண்டாம் என்று மேனேஜர் சாரிடம் எழுதிக் கொடுத்தேன்.

16 அக்டோபர், வியாழன், திருப்பதி

இங்கே உள்ள எங்கள் இன்னொரு ஆபீசின் புரொஜெக்டரையும் பார்க்கக் காலை ஆர்டிசி பஸ். பூதலப்பட்டு, சந்திரகிரி வழியாக ஏறக்குறைய 70 கிலோமீட்டர். புரட்டாசியின் கடைசி நாட்கள் என்பதால் வேலூர்ப் பக்கத்துப் பக்தர்கள் நிறையப் பேர், மடியில் குழந்தைகளோடு. 2022 ஏப்ரல் 4 வரை இரண்டு ஊரும் ஒரே மாவட்டம். எங்கள் ஆபீஸ் ஃபைல்களில் இப்போதும் ஒன்றுதான், நெட்வொர்க்கும் அப்படியே.

இங்கே சிக்கல் வேறு. புரொஜெக்டர் வயரில் இருக்கிறது, லேப்டாப்கள் வைஃபையில். ரவுட்டர் இரண்டையும் வெவ்வேறு பிரிவாக வைத்திருக்கிறது. அந்தப் பொதுக் கூப்பாடு ரவுட்டரைத் தாண்டாது. ஐபி முகவரியை நேராக அடித்தால் தாண்டும். புரொஜெக்டரின் முகவரி நாளுக்கு நாள் மாறாமல் ரவுட்டரில் நிலையாகப் பதிந்து, அதையே பெரிய எழுத்தில் அச்சடித்து மேஜையில் ஒட்டினேன். விருந்தினர் வைஃபையில் இருப்பவர்களுக்கு எதுவும் எட்டாது. அங்கே ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்கவே முடியாதபடி வைத்திருக்கிறோம், அது அப்படியே இருக்கட்டும்.

விற்பனைப் பிரிவுத் தம்பி, "அண்ணா, விண்டோஸ் பட்டனும் கே-வும் அமுக்கினா வரும்னாங்களே?" என்று கேட்டான். அது மிராகாஸ்ட். பெரும்பாலும் லேப்டாப்பும் திரையும் வைஃபையில் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் முறை. 2017-ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க் வழியாகவும் போகும், ஆனால் எதிரே இருக்கும் கருவிக்கும் அது தெரிந்திருக்கவேண்டும். இந்தப் புரொஜெக்டருக்குத் தெரியாது. பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, தானே முகவரியை அடித்து இணைத்துக் காட்டினான்.

இன்னொன்றும் செய்தேன். இரண்டு ஆபீசும் ஒரே நெட்வொர்க் என்பதால், திருப்பதியில் ஒருவர் முகவரியை மாற்றி அடித்தால் அவருடைய திரை சித்தூர் ஹாலில் விரியும். விவசாயிகள் உட்கார்ந்திருக்கும்போது அப்படி நடக்கக் கூடாது. இணையும்போது புரொஜெக்டர் திரையில் காட்டும் நான்கு இலக்க எண்ணை அடித்தால்தான் படம் போகும் என்ற வசதியை இரண்டு இடத்திலும் போட்டுவிட்டேன். அறைக்குள் இருப்பவருக்குத்தான் அந்த எண் தெரியும்.

18 அக்டோபர், சனி, சித்தூர்

ஒத்திகை பார்க்க அக்காவும் நானும் சீக்கிரமே வந்துவிட்டோம். லேப்டாப்பின் திரை 1920-க்கு 1080, புரொஜெக்டர் 1024-க்கு 768. சுருங்கிப்போன எண்களைப் பின்வரிசையில் இருந்து படிக்க முடியாது. தேவையில்லாத பத்திகளை மறைத்தோம், தலைப்பு வரியை நிலையாக நிறுத்தினோம், எழுத்தைப் பெரிதாக்கினோம். நெட்வொர்க் வழியே வீடியோ ஓட்டினால் விக்கும். கணக்குக்கு அந்த வேகமே தாராளம்.

கூட்டத்தில் தெலுங்கும் தமிழும் கலந்து ஓடின. குடிபாலா பக்கத்துப் பெரியவர் ஒருவர் எழுந்து, "அந்த வரிய அப்படியே நிறுத்துப்பா" என்றார். ஜூலையில் அவர் இறக்கிய இரண்டு லோடில் ஒன்றுதான் திரையில் இருந்தது. கையிலிருந்த எடைச்சீட்டை நீட்டினார். அக்கா எடைமேடை ஃபைலைத் திறந்தார். இரண்டாவது லோடு அவருடைய தம்பி பெயரில் ஏறியிருந்தது. எல்லார் முன்னாலும் திருத்தினோம். அதன்பிறகு எட்டுப் பத்துச் சீட்டுகள் மேஜைக்கு வந்தன. கூட்டம் மதியச் சாப்பாட்டைத் தாண்டிப் போனது, ஒருவரும் எழுந்து போகவில்லை.

22 அக்டோபர், புதன்

தீபாவளி முடிந்து முதல் வேலை, அப்கிரேடு சரிபார்ப்புப் பட்டியலில் மீட்டிங் ஹாலைச் சேர்த்தது. இனி டாலிக்கும் பிரின்டருக்கும் முன்னால் புரொஜெக்டர். ஹாலை வழக்கமாகப் பயன்படுத்துகிறவரே வந்து இணைத்துப் பார்த்து அவரே கையெழுத்துப் போடவேண்டும். பதினொன்றுக்கு ஏறமுடியாத பழைய கம்ப்யூட்டர்களுக்குக் கட்டண அப்டேட் கேட்டு மேனேஜர் சாருக்கு மெயில் போட்டாயிற்று. திருத்திய பாக்கித் தொகைகள் வங்கிக்குப் போய்விட்டதாக அக்கா சொன்னார்.