வாட்டைப் பார்த்து வாங்காதீர்கள்

குளச்சலில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில், ஒரு ஷட்டர் அகலமே உள்ள கடை அது. மேசையில் மூடி கழற்றிய வயர்லெஸ் செட், எக்கோ சவுண்டர், ஒரு இன்வெர்ட்டர் போர்டு, நாலைந்து எல்.இ.டி. விளக்குகள். பெரும்பாலும் படகுகளிலிருந்து வந்தவை. எதை எடுத்தாலும் செம்புத் தடத்தின் ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. “எல்லாம் கடல் காத்து சார். உப்பு மொதல்ல கனெக்டரைத் தின்னும், பொறவு ஐ.சி. காலைத் தின்னும்” என்றார் கடைக்காரர்.

போர்டு வேலை பழகுகிறவர் முதலில் என்ன சால்டரிங் அயர்ன் வாங்க வேண்டும் என்று கேட்கத்தான் போயிருந்தேன். “இருபத்தஞ்சு வாட்டா, அறுபது வாட்டான்னுதானே கேப்பீய? அதைக் கேக்கப்படாது” என்று சொல்லிவிட்டு, வேலை பழகும் பையனிடம் ஒரு பழைய அயர்னைக் கொடுத்தார்.

சூட்டைக் கட்டுப்படுத்த வழியில்லாத 25 வாட் அயர்ன் அது. ஸ்டாண்டில் சும்மா கிடந்தபோதே முனை கறுத்து, ஈயம் ஒட்டாமல் உருண்டோடியது. ஆனால் இன்வெர்ட்டர் போர்டின் தடித்த செம்பில் வைத்ததும் சூடு இறங்கிவிட்டது. ஈயம் இளகாமல் கூழாக நின்றது. பையன் அழுத்தித் தேய்த்தான். “அழுத்தாத மக்கா, பேடு பேந்து வந்திரும். சூட்டை ஈயத்துக்குக் காட்டாத, செம்புக்குக் காட்டு.”

பிறகு வெப்பநிலையைத் திருகி வைக்கும் 60 வாட் ஸ்டேஷனை எடுத்தார். 330 டிகிரியில் வைத்து, உளி போன்ற தட்டை முனையால் அதே இடத்தைத் தொட்டார். இரண்டு மூன்று நொடிகளில் ஈயம் தானாகப் பரவிப் பளபளத்தது. இங்கே வாட் என்பது உச்சச் சூட்டின் அளவு அல்ல. முனை இழந்த சூட்டை எவ்வளவு வேகமாகத் திரும்பக் கொடுக்க முடியும் என்பதன் அளவு. வெப்பநிலையைப் பார்த்துக்கொள்ள ஸ்டேஷன் இருக்கும்போது, வாட் கூடுதலாக இருப்பது போர்டைக் கருக்காது, காப்பாற்றும். ஊசி முனை நுண்ணிய வேலைக்கு ஏற்றது என்று புதியவர்கள் நம்புகிறார்கள். தொடும் பரப்பு குறைவதால் அதில் சூடு கடப்பதே கஷ்டம்.

ஈயக் கம்பியிலும் கணக்கு உண்டு. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த கம்பி 183 டிகிரியில் ஒரேயடியாக இளகி, ஒரேயடியாக இறுகும். காரீயம் இல்லாத கலவைக்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும். 2006 ஜூலையில் காரீயத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டுப்பாடு வந்த பிறகு ஆலைகள் பெரும்பாலும் அதற்கு மாறிவிட்டன. அதனால் புதிய போர்டில் பாகம் கழற்றுவது புதியவருக்குப் போராட்டம். கொஞ்சம் பழைய வகை ஈயத்தை மேலே வைத்துக் கலந்தால் இளகும் சூடு குறையும். பிறகு உறிஞ்சு பம்பு போதும். காரீயம் புகையில் வருவதைவிடக் கைவழியாகத்தான் வயிற்றுக்குப் போகும். கடையில் டீ வந்ததும் பையன் முதலில் சோப்பைத் தேடிப் போனான்.

படகுப் போர்டில் அயர்ன் கடைசியாகத்தான் வருகிறது. உப்பைக் கழுவி, பிரஷ் போட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காயவைத்து, பச்சையைச் சுரண்டி, ஃப்ளக்ஸ் தடவிய பிறகே சூடு. பைசா மிச்சம் பிடிக்கத் தகரப் பற்றவைப்புக்கான அமிலப் பேஸ்ட்டைத் தடவினால், மிஞ்சும் அமிலம் கடல் தொடங்கிய வேலையை முடித்துவைக்கும்.

மறுநாள் வடசேரியில், புவிசார் குறியீடு பெற்ற நாகர்கோவில் கோயில் நகை செய்யும் பட்டறை ஒன்றில் இதே ஒழுங்கைப் பார்த்தேன். வெள்ளித் துண்டுகளைத் துலக்கி, வெங்காரம் தடவி, பற்றாசு வைத்து ஊதுகிறார்கள். சூடு போர்டு வேலையைவிட மிக அதிகம். ஆனாலும் தீ முதலில் உலோகத்தைச் சுற்றித்தான் போகிறது. இரண்டு பக்கமும் ஒன்றுபோலக் காய்ந்ததும் பற்றாசு இடுக்குக்குள் ஓடிவிடுகிறது.

ஆக, புதியவர் வாங்க வேண்டிய வரிசை எனக்குத் தெளிவானது. வெப்பநிலை கட்டுப்பாடும் எர்த் உள்ள மூன்று முள் பிளக்கும் கொண்ட ஸ்டேஷன், எளிதில் கிடைக்கும் வகைத் தட்டை முனைகள், 0.8 மி.மீ. ஈயக் கம்பி, ரோசின் ஃப்ளக்ஸ், உறிஞ்சு பம்பு, மல்டிமீட்டர். மீட்டர் ஆடம்பரமல்ல. 230 வோல்ட்டில் ஓடும் பவர் சப்ளையின் கெப்பாசிட்டரில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 325 வோல்ட் வரை தேங்கி நிற்கலாம். சூடான காற்றடிக்கும் கருவியும் நுண்ணோக்கியும் பிறகு வரட்டும்.

ஸ்டேஷன் இருந்தும் பையனுக்குப் படகு வயர்லெஸ் இன்னும் கிடைக்கவில்லை; அவன் கையில் செத்த விளக்கு போர்டுகள்தான். காரணம் கேட்டேன். சரியாகப் பிடிக்காத இணைப்பு, அதாவது டிரை சால்டர், மேசையில் ஒழுங்காக வேலை செய்யும், எஞ்சின் அதிர்வில் நடுக்கடலில் விட்டுப்போகும் என்றார் கடைக்காரர். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்த பல படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அந்தக் கரையில் இருந்துகொண்டு வயர்லெஸ் செட்டைப் பழகும் போர்டாக யாரும் கொடுக்க மாட்டார்கள். நல்ல கருவி கற்கும் காலத்தைக் குறைக்கும். எந்தப் போர்டில் கைவைக்கலாம் என்பதை அந்தக் கை பழகிய பழக்கம்தான் முடிவுசெய்யும்.