சாவி ராஜாவிடம், மை வேலைக்காரரிடம்

பாரிஸில் பாஸ்தில் சதுக்கத்திலிருந்து கிழக்கே போகிற ஃபோபூர் சாந்தான்த்வான், பல நூறு ஆண்டுகளாக மரவேலைக்காரர்களின் பேட்டை. இன்று தெருமுகப்பில் துணிக்கடைகளும் காபிக்கடைகளும்தான். உள்முற்றங்களில் புகுந்து தேடினால் ஒன்றிரண்டு பட்டறைகள் தட்டுப்படும். அப்படி ஒன்றில், பழைய மேசைகளைச் செப்பனிடும் பெண்மணி ஒருவரின் வேலையைப் பார்க்கப் போயிருந்தேன். வாசலிலேயே வஜ்ஜிரம் காயும் வாடை. விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் இந்தப் பசையை அவர் விடாததற்குக் காரணம் உண்டு. சூடும் ஈரமும் பட்டால் இளகிவிடும். நாளை இன்னொருவர் சேதமில்லாமல் பிரித்தெடுக்கலாம்.

நிறம் நிறமான மரத்தகடுகளை அறுத்து, பூவும் கொடியுமாகப் பொருத்தி மேசைமேல் ஒட்டுவதுதான் மார்க்கெட்ரி. அதற்கென்றே ஷெவலே என்றொரு பெஞ்சு. இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்து மிதியை அழுத்தினால், எதிரே உள்ள மரத்தாடை தகடுகளைக் கவ்விக்கொள்ளும். வலக்கை மெல்லிய ரம்பத்தைக் கிடைமட்டமாக இழுத்துத் தள்ள, இடக்கை தகட்டைத் திருப்பிக்கொண்டே இருக்கிறது. ரம்பம் நேரே போகிறது, வளைந்து கொடுப்பதெல்லாம் மரம்தான்.

பக்கத்தில் இரும்புத் தட்டில் மணல் காய்ந்துகொண்டிருந்தது. அறுத்த ரோஜா இதழ் ஒன்றைச் சாமணத்தால் பிடித்து, ஓரத்தை மட்டும் மணலில் செருகினார். சில நொடிகள்தான். எடுத்தபோது ஓரம் பழுப்பேறி, இதழ் உள்ளே மடிந்திருப்பதாகவே தோன்றியது. “இன்னும் கொஞ்சம் விட்டால் கரி” என்றார். சாயம் பூசினால் சுலபமாயிற்றே என்று கேட்டேன். “பூசியது இழைத்தால் போய்விடும். சுட்டது உள்ளே இறங்கியிருக்கும்.”

பேச்சு தானாக வெர்சாய் அரண்மனையில் உள்ள 15ஆம் லூயியின் எழுதுமேசைக்குப் போனது. இந்தத் தொழிலில் எல்லாரும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்களாம். 1760இல் ஜான் பிரான்சுவா எபன் தொடங்கிய வேலை அது. 1763இல் அவர் இறந்துவிட, அவர் பட்டறையில் இருந்த ஜான் ஆன்ரி ரீஸ்னர் தொடர்ந்தார். எபனின் மனைவியையும் மணந்துகொண்டார். 1769இல் முடித்து மரத்திலேயே தன் பெயரைப் பதித்தார். இருவரும் ஜெர்மானியப் பகுதிகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

அந்த மேசையின் சூட்சுமம் பூட்டில் இருக்கிறது. ஒரே சாவியைக் கால் சுற்றுத் திருப்பினால் போதும், உருளை மூடியும் இழுப்பறைகளும் திறந்துகொள்ளும். மைக்கூடுகளுக்கு மட்டும் பக்கவாட்டில் தனி வழி. ராஜாவின் காகிதங்களை நெருங்காமலே வேலைக்காரர் மை ஊற்றிவிட்டுப் போகலாம். சொந்த அமைச்சர்களுக்கே தெரியாமல் ரகசியக் கடிதப் போக்குவரத்து நடத்திய ராஜாவுக்கு ஏற்ற மேசைதான்.

மேசை 16ஆம் லூயிக்கு வந்தது. பிறகு புரட்சி. 1794இல் அரண்மனைச் சாமான்களிலிருந்து அரச சின்னங்களை அகற்ற யாரை அனுப்பினார்கள் என்கிறீர்கள்? ரீஸ்னரைத்தான். இந்த மேசையிலும் ராஜாவின் உருவம் போய் மினர்வா தேவியின் தலை வந்தது. அரண்மனைச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது தான் செய்தவற்றைத் தானே விலைக்கு வாங்கினார் ரீஸ்னர். ஆனால் மறுபடி விற்க முடியவில்லை, ரசனை மாறிப்போயிருந்தது. 1806இல் இறந்தார். அதற்குப் பிறகல்லவா பிரபுக்களுக்கு ஆசை வந்தது! ஹெர்ட்ஃபோர்டின் 4ஆம் மார்க்விஸ் இதே மேசைக்கு நகல் செய்வித்தார். அது லண்டன் வாலஸ் கலெக்‌ஷனில் இருக்கிறது. பவேரிய ராஜா 2ஆம் லுட்விக்கும் ஒன்று செய்வித்துக்கொண்டார். மேசைகளின் வம்சாவளியை விவரிக்கும் ஏலப் பட்டியல்கள் இந்தப் பட்டங்களில்தான் மயங்குகின்றன. எனக்கு ரீஸ்னரின் கதைதான் பெரிதாகப் படுகிறது.

பட்டறையில் அன்று ஒரு சிறிய மேசை திறந்து கிடந்தது. வெளிப்பக்கம் முழுக்கத் தேன் பழுப்பு. இழுப்பறையை உருவி, வெளிச்சம் படாத உள்விளிம்பைக் காட்டினார். பச்சை! செய்த நாளில் இலைகளெல்லாம் அந்தப் பச்சையாகத்தான் இருந்திருக்க வேண்டும். “அப்படியே செய்து கொடுத்தால் என்ன?” என்றேன். சிரித்தார். பச்சையாக இருந்தால் போலி என்று நினைத்து வாங்க மாட்டார்களாம். அதனால் உடைந்த இலைக்கு மாற்றாக வெட்டிச் சாயமேற்றிய புது இலையை முதலில் ஜன்னலோரம் வெயிலில் போட்டு வெளுக்க வைக்கிறார், ஒட்டுவது அப்புறம்தான்.