அம்மாவின் போன்

2024 செப்டம்பர் 23, திங்கள்

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் நிற்கும்போது செய்தி வந்தது. குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமைக் காட்சிகளைப் பதிவிறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று ஜனவரி 11-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அனுப்பும் எண்ணத்தோடு அழிக்காமல், புகாரும் செய்யாமல் வைத்திருந்தாலே போதும், போக்சோ சட்டத்தின் 15-ஆம் பிரிவு பாயும். அக்காட்சிகளைக் ‘குழந்தை ஆபாசப் படம்’ என்று இனி எந்த நீதிமன்றமும் குறிப்பிடக் கூடாதாம். குழந்தைப் பாதுகாப்புப் பணியில் அறிக்கைக்கு அறிக்கை நான் அடித்துத் திருத்திவரும் சொல் அது. ரயிலை விட்டுவிட்டுத் தீர்ப்பை வாசித்தேன்.

செப்டம்பர் 25, புதன்

இரும்புலியூரில் மாலை டியூஷன் பிள்ளைகளோடு உரையாடல். முதலிலேயே சொல்லிவிடுவேன்: “உங்களுக்கு ஏதாவது நடந்திருக்குன்னு எங்கிட்ட சொன்னா, நான் போலீசுக்குத் தெரிவிச்சே ஆகணும்.” போக்சோ 19-ஆம் பிரிவு அப்படி. சொன்னதும் அறை அமைதியாகிவிடும். இன்றும் ஆனது. மறைக்க எனக்கு மனம் வராது.

முன்பின் தெரியாத ஒருவர் போட்டோ கேட்டால் யாரிடம் சொல்வீர்கள் என்று கேட்டுச் சீட்டு கொடுத்தேன். ஒரு சீட்டில் ‘அம்மா’ என்று எழுதி அடித்திருந்தது. அடித்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது. கிளம்பும்போது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்தாள். “வீட்ல சொன்னா முதல்ல போன் போயிடும் மிஸ். அப்புறம் ஸ்கூலும் போயிடும்.”

செப்டம்பர் 28, சனி

அவள் வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்கு மெப்ஸ் ஏற்றுமதி மண்டலக் கம்பெனியில் ஷிப்ட். போனை மகளிடம் விட்டுப் போகிறார். 2023-இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவரின் தகவலை நிறுவனங்கள் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்கிறது. இந்த வீட்டில் ஓடிபி வருவதே மகளின் கைக்குத்தான். காஸ் புக்கிங், ரேஷன் மெசேஜ் எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துச் சொல்பவளும் அவளே. சட்டம் எழுதியவர்கள் இப்படியொரு வீட்டில் ஒரு மாலை உட்கார்ந்திருக்க வேண்டும்.

“போனைப் புடுங்குறதைத் தவிர எனக்கு வேற என்ன மேடம் தெரியும்?” என்றார் அம்மா. கோபமில்லை, நிஜமாகவே கேட்டார். திட்டமாட்டேன், பிடுங்கமாட்டேன் என்று முதலில் அவளிடம் சொல்லுங்கள், மற்றது பிறகு என்றேன். வெகுநேரம் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குழந்தைகள் உதவி எண் 1098-ஐப் பதிந்துகொள்ளச் சொன்னேன். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். மகள்தான் போனை வாங்கினாள். “என்ன பேருமா போட?”

“பெரியம்மான்னு போடு. யார் பார்த்தாலும் தெரியாது.”