ஹெட்ஜ் ஃபண்டில் வேலை கிடைத்த கதை

"வேலை கிடைச்சிருச்சுப்பா" என்று சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி சம்பளம் பற்றியது இல்லை. "அந்தக் கம்பெனி என்னத்த வாங்கி விக்குது பாப்பா?" என்றுதான் கேட்டார். எனக்கு நியூயார்க்கில் இரவு பத்தரை மணி, அவருக்கு விருதுநகரில் காலை எட்டு. கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும்ப்பா. பங்கு, கடன் பத்திரம், எண்ணெய், தங்கம், கோதுமை."

"அப்போ மண்டிதான?"

அப்பா முப்பது வருடமாகக் கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுகிறவர். வத்தல், உளுந்து, மல்லி என்று ஊரான் சரக்கின் கணக்கு. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது அவ்வளவு தப்பும் இல்லை. கூடப் படித்த நாலைந்து பேர் "எப்படித் தயார் செய்தாய், என்ன கேட்டார்கள்?" என்று விசாரித்துக்கொண்டே இருப்பதால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். கம்பெனிப் பெயரை மட்டும் கேட்காதீர்கள், கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் தடுக்கிறது :-)

முதலில் ஹெட்ஜ் ஃபண்ட் என்றால் என்ன? ஹெட்ஜ் என்றால் வேலி. 1949-ல் ஆல்ஃபிரட் வின்ஸ்லோ ஜோன்ஸ் என்பவர் ஒரு லட்சம் டாலரோடு இதை ஆரம்பித்தார். அதில் நாற்பதாயிரம் அவருடைய சொந்தப் பணம். மனிதர் சமூகவியலில் டாக்டர் பட்டம் வாங்கிய பத்திரிகைக்காரர், வயது நாற்பத்தெட்டு. அவருடைய யோசனை எளிமையானது. ஏறும் என்று தோன்றும் பங்கை வாங்கு, இறங்கும் என்று தோன்றும் பங்கைக் கடன் வாங்கி விற்றுவிடு. இதற்கு ஷார்ட் என்று பெயர். பக்கத்துக் கடையில் பத்து மூட்டை வத்தலைக் கைமாற்றாக வாங்கி இன்றைய விலைக்கு விற்றுவிட்டு, விலை இறங்கியதும் பத்து மூட்டை வாங்கித் திருப்பிக் கொடுக்கிற மாதிரி. இறங்கினால் லாபம், ஏறினால் தலையில் துண்டு. இரண்டையும் சேர்த்துச் செய்தால் மொத்தச் சந்தை விழுந்தாலும் அடி குறையும். அதுதான் வேலி. கூலி, வழக்கமாகச் சொல்கிறபடி, போட்ட பணத்தில் வருடத்துக்கு 2 சதவீதம், லாபத்தில் 20 சதவீதம்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

நான் நிதிக் கணிதத்தில் முதுகலை படிக்க 2023 ஆகஸ்டில் வந்தேன். கல்விக்கடன் நாற்பத்தைந்து லட்சம். அடமானம், தாத்தா கட்டிய வீடு. படிப்பு 2024 டிசம்பரில் முடிந்தது. மாணவர் விசாவில் வந்தவர்கள் படித்து முடித்தபின் கொஞ்ச காலம் வேலை பார்க்கலாம். ஆனால் அந்த அனுமதி ஆரம்பித்த நாளிலிருந்து மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. என் அனுமதி பிப்ரவரி 1, 2025-ல் ஆரம்பித்தது. சமையலறைச் சுவரில் ஒரு காலண்டர் மாட்டி, தினமும் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டு வந்தேன். வீட்டில் மட்டும் "எல்லாம் நல்லா போகுதுப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

தயாரிப்பு நான்கு வகை. ஒன்று, மனக்கணக்கு. எட்டு நிமிடத்தில் எண்பது கணக்கு, கால்குலேட்டர் கிடையாது. இரண்டு, நிகழ்தகவுப் புதிர்கள். மூன்று, நிரல் எழுதுவது. நான்கு, புள்ளியியல். புதிர்களுக்கு ஷின்ஃபெங் ஜோ எழுதிய புத்தகம் ஒன்று உண்டு. அட்டை பச்சையாக இருப்பதால் எல்லோரும் பச்சைப் புத்தகம் என்பார்கள். என் அறைத்தோழி குண்டூர்க்காரி. அவள் சமைத்துக்கொண்டே கேள்வி கேட்பாள், மூன்றாவது விசில் வருவதற்குள் நான் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு மாதிரிக் கேள்வி. நாணயத்தைச் சுண்டிக்கொண்டே இருக்கிறீர்கள். அடுத்தடுத்து தலை, தலை என்று விழச் சராசரியாக எத்தனை முறை சுண்ட வேண்டும்? தலை, பூ என்று விழ? இரண்டும் ஒன்றுதான் என்று முதலில் தோன்றும். ஆனால் முதலாவதற்கு 6, இரண்டாவதற்கு 4. காரணம் இதுதான். தலை-பூவுக்குக் காத்திருக்கும்போது ஒரு தலை விழுந்த பிறகு இன்னொரு தலை விழுந்தால் நஷ்டமில்லை, கையில் இன்னும் ஒரு தலை இருக்கிறது. தலை-தலைக்குக் காத்திருக்கும்போது ஒரு பூ விழுந்தால் எல்லாம் போச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். விசா நாள் எண்ணிக்கொண்டிருந்த எனக்கு இந்தக் கணக்கு ரொம்பவே நெருக்கமாக இருந்தது.

நூற்றுக்கும் மேல் விண்ணப்பம் போட்டு, நான்கு இடத்தில் இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். முதல் இடத்தில் புதிர் எல்லாம் சரியாகப் போட்டேன். கடைசியில் ஒருவர் பத்துக் கேள்வி கொண்ட தாளை நீட்டினார். நைல் நதியின் நீளம் மாதிரியான கேள்விகள். விடை தெரிய வேண்டியதில்லை. ஒரு கீழ் எண், ஒரு மேல் எண் எழுத வேண்டும். சரியான விடை அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் என்று 90 சதவீதம் நிச்சயம் இருக்கிற அளவுக்கு அகலமாக. அதாவது ஒழுங்காகச் செய்தால் பத்தில் ஒன்பது மாட்ட வேண்டும்.

எனக்கு நாலு மாட்டியது.

நைலுக்கு 4000 முதல் 5000 கிலோமீட்டர் என்று எழுதியிருந்தேன். உண்மையில் 6,600-க்கும் மேல். எனக்குத் தெரியாததில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் தெரியாது என்பதே எனக்குத் தெரியவில்லை. அகலமாக எழுதினால் முட்டாள் என்று நினைப்பார்களோ என்று பயந்து எல்லா எண்ணையும் குறுக்கியிருந்தேன். மறுநாள் இரண்டு வரியில் மறுப்புக் கடிதம் வந்தது.

அன்றைக்கு இரவு உட்கார்ந்து எல்டிசிஎம் கதையை மறுபடி படித்தேன். வகுப்பில் படித்ததுதான், அப்போது மண்டையில் ஏறவில்லை. 1994-ல் ஆரம்பித்த ஹெட்ஜ் ஃபண்ட். அதில் பங்குதாரர்களாக இருந்த மைரன் ஷோல்ஸும் ராபர்ட் மெர்ட்டனும் 1997-ல் பொருளாதாரத்துக்கான நோபல் வாங்கினார்கள். கையில் இருந்த ஒவ்வொரு டாலருக்கும் இருபத்தைந்து டாலர் அளவில் கடன். 1998 ஆகஸ்டில் ரஷ்யா கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்ததும் சரிவு வேகமெடுத்தது. சில மாதங்களில் சுமார் 460 கோடி டாலர் காலி. செப்டம்பரில் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் கூட்டிவைத்து, பதினான்கு நிதி நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 360 கோடி டாலர் போட்டு, ஒருவழியாகக் கடையை அமைதியாக மூடினார்கள். அவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று யாராவது சொல்ல முடியுமா? அவர்கள் போட்ட கீழ் எண்ணும் மேல் எண்ணும் ரொம்பக் கிட்டக் கிட்ட இருந்தன. நைலுக்கு நான் போட்ட மாதிரி.

இரண்டாவது, மூன்றாவது இடங்களில் முதல் சுற்றே தாண்டவில்லை. நான்காவது இடத்தில் தாண்டினேன். கடைசிச் சுற்று வேறு மாதிரி. சொந்தமாக ஒரு முதலீட்டு உத்தியை உருவாக்கி, பழைய விலைகளில் சோதித்துப் பார்த்து, முக்கால் மணி நேரம் விளக்க வேண்டும். தேதி மார்ச் 25. என் காலண்டரில் ஐம்பத்து மூன்றாவது கட்டம்.

என் உத்தி இதுதான். கடந்த ஐந்து நாளில் ரொம்ப விழுந்த பங்குகளை வாங்கு, ரொம்ப ஏறியவற்றை ஷார்ட் செய். பயத்தில் விழுந்தது கொஞ்சம் திரும்பி வரும் என்ற நம்பிக்கை. எஸ் அண்ட் பி 500 பட்டியலில் இருக்கும் நிறுவனங்களின் 2005 முதல் 2024 வரையிலான விலைகளை இணையத்தில் இலவசமாக இறக்கி, நிரலை ஓடவிட்டேன். ஷார்ப் விகிதம் 3.9 வந்தது. ஏற்ற இறக்கத்துக்கு எவ்வளவு லாபம் என்று சொல்கிற அளவு அது. 1 வந்தாலே நல்லது, 2 வந்தால் பிரமாதம். 3.9! அறைத்தோழியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அன்றைக்கு வெளியே போய் தோசை சாப்பிட்டோம், பதினான்கு டாலர் தோசை.

இண்டர்வியூவுக்கு இரண்டு நாள் முன்பு, ராத்திரி படுத்தவளுக்குத் தூக்கம் வரவில்லை. சம்பந்தமில்லாமல் அப்பா ஞாபகம் வந்தது. மார்ச் கடைசி என்றால் அவருக்கு வருடக் கணக்கு முடிக்கிற நேரம். சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சிட்டையும் பேரேடும் விரித்துவைத்து ஐந்தொகை எடுப்பார். சேரவில்லை என்றால் பொறுமையாகத் தேடுவார். ஆனால் முதல் தடவையிலேயே சேர்ந்துவிட்டால்தான் அவருக்கு நிம்மதி போய்விடும். "ரெண்டு தப்பு ஒண்ணையொண்ணு அடிச்சிக்கிட்டு நிக்கும், யாருக்குத் தெரியும்" என்று மறுபடி முதலிலிருந்து கூட்டுவார்.

எழுந்து லேப்டாப்பைத் திறந்தேன். விடிவதற்குள் இரண்டு தப்பு கிடைத்தது.

முதல் தப்பு, நிரலில் ஒரே ஒரு வரி. இன்று மாலை சந்தை மூடும் விலையைப் பார்த்து எதை வாங்குவது என்று முடிவு செய்து, அதே மூடும் விலைக்கு வாங்கியதாகக் கணக்கு எழுதியிருந்தேன். பரீட்சை முடிந்த பிறகு விடைத்தாளை வாங்கித் திருத்தி எழுதுகிற மாதிரி. நிஜத்தில் மறுநாள்தான் வாங்க முடியும்.

இரண்டாவது இன்னும் பெரிது. நான் எடுத்தது இன்றைய பட்டியல். அதாவது 2024 வரை பிழைத்திருந்த நிறுவனங்கள். லேமன் பிரதர்ஸ் 2008 செப்டம்பர் 15-ல் திவால் ஆனது, என் பட்டியலில் அது இல்லவே இல்லை. சிலிக்கான் வேலி வங்கி 2023 மார்ச்சில் மூடியது, அதன் தாய் நிறுவனமும் இல்லை. விழுந்த பங்கை வாங்கு என்பது என் உத்தி. விழுந்து எழுந்திருக்காதவர்கள் எல்லோரையும் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டு, "பார், விழுந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நூலகத்தின் தரவுத்தளத்தில் செத்துப்போன நிறுவனங்களின் விலையும் இருந்தது. என் கணக்கை நல்லவேளையாக இன்னும் மூடியிருக்கவில்லை. அன்றைய தேதியில் பட்டியலில் யார் இருந்தார்களோ அவர்களை வைத்து, வாங்கி விற்கும் செலவையும் கழித்து, மறுபடி ஓடவிட்டேன். 3.9 போய் 0.3 ஆனது.

உண்மையைச் சொல்கிறேன், அரை நாள் சபலம் இருந்தது. முதல் தப்பை மட்டும் திருத்தினால் 1.6 வந்தது. அதைக் காட்டலாமே? இரண்டாவதைக் கவனிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், பாதிப் பேர் கவனிப்பதில்லை. காலண்டரில் மீதி முப்பத்தேழு கட்டம். தாத்தா வீடு. 0.3-ஐக் காட்டி யார் வேலை வாங்கியிருக்கிறார்கள்?

கடைசியில் நல்லவள் என்பதால் ஒன்றும் உண்மையைச் சொல்லவில்லை. அவர்கள் கேட்டால் முகத்தை நேராக வைத்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வராது, அவ்வளவுதான்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதல் பக்கத்தில் இரண்டு வரைபடம். "இடது பக்கம் நான் முதலில் கண்டது, அது தப்பு. வலது பக்கம் திருத்தியது" என்று ஆரம்பித்தேன். உத்தி பற்றி ஐந்து நிமிடம்கூடக் கேட்கவில்லை. எப்போது சந்தேகம் வந்தது, எந்த வரிசையில் தேடினாய், வேறு எங்கே தப்பு ஒளிந்திருக்கலாம் என்று குடைந்தார்கள். ஒருவர் கேட்டார், "இந்த 0.3-ஐ எவ்வளவு நம்புகிறாய்?" இந்த முறை குறுக்கவில்லை. "இருபது வருடத் தரவுதான். உண்மையான எண் மைனஸ் 0.1-லிருந்து 0.7 வரை எங்கேயும் இருக்கலாம்" என்றேன். "உன் பணத்தை இதில் போடுவாயா?" "மாட்டேன்." சிரித்தார்கள். நல்ல சிரிப்பா கெட்ட சிரிப்பா என்று தெரியாமல் சுரங்க ரயிலில் வீடு வந்து சேர்ந்தேன்.

நான்காம் நாள் போன் வந்தது.

சேர்ந்து சில மாதம் கழித்து, அந்த மூவரில் ஒருவரிடம் ஏன் என்னை எடுத்தீர்கள் என்று கேட்டேன். "நீ கொடுத்த எண்ணை நாங்கள் மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கவில்லை" என்றார், அவ்வளவுதான். இங்கே வருபவர்கள் எல்லோரும் புதிரில் என்னைவிடக் கெட்டி. தலை-தலை ஆறு என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் ஜூனியர்களே, பச்சைப் புத்தகத்தைப் படியுங்கள், அது இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. ஆனால் சொந்தமாக ஒரு சோதனை செய்து, அதை நீங்களே உடைத்துப் பாருங்கள். அதில் கற்றது எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

வேலை கிடைத்த செய்தி ஊரில் பரவியதும் மாமா ஒருவர் போன் செய்தார். "ஹெட்ஜ் ஃபண்டுன்னா அந்த ராஜரத்தினம் நடத்துனதுதானம்மா?" நியாயமான கேள்வி. கொழும்பில் பிறந்த ராஜ் ராஜரத்தினம் நடத்திய கேலியன், ஒரு காலத்தில் பல நூறு கோடி டாலர் நிர்வகித்தது. கம்பெனிகளின் உள்ரகசியங்களை முன்கூட்டியே வாங்கி வியாபாரம் செய்ததற்காக 2009-ல் கைதாகி, 2011-ல் பதினோரு வருடச் சிறைத்தண்டனை பெற்றார். "அவரு நாளைக்கு வர்ற சேதிய இன்னைக்கே பாத்து வாங்குனாரு மாமா" என்று விளக்கினேன். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது, என் நிரலின் அந்த ஒரு வரியும் அதைத்தான் செய்தது. என்னுடையது கவனக்குறைவு, அவருடையது குற்றம். ஆனால் இரண்டிலும் லாபம் ஒரே மாதிரிதான் அழகாகத் தெரியும்.

இந்த வேலையால் உலகத்துக்கு என்ன நன்மை என்று கேட்டால் இன்னும் தெளிவான பதில் என்னிடம் இல்லை. ஓய்வூதிய நிதிகளின் பணமும் இதில் இருக்கிறது என்பார்கள். அது உண்மைதான், முழுப் பதில் இல்லை. கடன் அடைந்து வீட்டுப் பத்திரம் கைக்கு வரும்வரை அந்தக் கேள்வியை ஓரமாக வைத்திருக்கிறேன்.

அப்பாவிடம் மட்டும் ஐந்தொகை விஷயத்தைச் சொன்னேன். பெருமைப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்த ரெண்டாவது கணக்க இன்னொரு தடவ கூட்டிப் பாத்தியா பாப்பா?" என்றார்.

பார்க்கவில்லை. அன்றைக்கு ராத்திரி பார்த்தேன். 0.27.