வடக்கெல்லையில் ஒரு புனம்

மலபாரின் மலைச்சரிவுகளில் குடியேறிய வேளாண் குடும்பங்கள் பலவும் இன்று தத்தம் வரலாற்றை நூலாக்கி வருகின்றன. குடும்பயோகம் கூடும் நாளில் அந்நூல் வெளியிடப்படும். உறவினர் ஒவ்வொருவருக்கும் ஒரு படி கிடைக்கும். நூலின் முதல் பக்கம் பெரும்பாலும் ஒரே தொனியில் அமைந்திருக்கும்: ஆளில்லாக் காடு, யானைக் கூட்டம், விஷக் காய்ச்சல், கையில் ஒரு வெட்டுக்கத்தியோடு வந்திறங்கிய முன்னோர். தில்லியில் செவிலியராகப் பணியாற்றும் ஒரு பெண்ணிடம் அவ்வாறான நூலொன்றைத் தொகுக்கும் பொறுப்பை அவருடைய குடும்பம் ஒப்படைத்தது. இரண்டு கோடை விடுமுறைகள் அதற்கே செலவாயின. முதல் பக்கத்தின் முதல் வாக்கியத்தில்தான் அவர் கடைசிவரை தடுக்கி நின்றார்.

அவருடைய தாத்தா மீனச்சில் வட்டாரத்தைச் சேர்ந்தவர். பாகப்பிரிவினையில் துண்டுபட்டுப்போன நிலம், பெருகிய குடும்பம் என்பவை திருவிதாங்கூர்ச் சிறு உழவர்களை 1920களிலிருந்தே வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தன. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோயிற்று. பஞ்சம் அந்த நகர்வைப் பெருக்காக மாற்றியது. அக்காலத்தில் திருவிதாங்கூர் ஒரு சமஸ்தானம். மலபாரோ சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். எனவே தலச்சேரியில் ரயிலிறங்கி, இரிட்டிக்கும் அப்பால் மலையேறிய அந்தக் குடும்பம் ஓர் அரசிலிருந்து மற்றோர் அரசுக்கு வந்து சேர்ந்தது. அதன் ஆவணங்களும் அவ்வாறே இரண்டாகப் பிரிந்து கிடந்தன.

தொடக்கத்தில் பெயர்களே அவரை அலைக்கழித்தன. சிரியன் கிறித்தவர் வழக்கில் ஒரே மனிதர் வீட்டில் உலகன்னானாகவும் கோயில் பதிவேட்டில் யோஹன்னானாகவும் பள்ளிச் சான்றிதழில் ஜானாகவும் வாழ இயலும். ஔசேப்பும் ஜோசப்பும் ஒருவரே. மூன்று ஆட்களென எண்ணியவர் ஒரே ஆளாகச் சுருங்குவதும், ஒருவரென எண்ணியவர் இருவராகப் பிரிவதும் இத்தகைய தேடலில் அன்றாட நிகழ்ச்சிகள். தலைமகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயரும் தலைமகளுக்குத் தந்தைவழிப் பாட்டியின் பெயரும் இடப்படுவதால், தலைமுறைதோறும் அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்.

அடுத்த சிக்கல் ஆண்டுக் கணக்கு. தாத்தாவின் பிறந்த ஆண்டு எவருக்கும் தெரியாது. ஆனால், 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளத்தில்' பள்ளிக்கூடம் மூழ்கியபோது தமக்குப் பன்னிரண்டு வயது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததைப் பலரும் நினைவுகூர்ந்தனர். அது கொல்லம் 1099ஆம் ஆண்டுக் கர்க்கடக மாதம். அதாவது 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம். ஆகவே அவர் பிறந்தது 1912ஐ ஒட்டி. எந்தப் பதிவேடும் தராத தகவலை ஒரு வெள்ளத்தின் நினைவு தந்தது. கொல்லம் ஆண்டிலும் கவனம் வேண்டும்: தெற்கில் அது சிங்க மாதத்தில் பிறக்கும், வடமலபாரிலோ கன்னியில் பிறக்கும். இடையிலுள்ள ஒரு மாதத்துக்கு இரண்டு ஊர்களும் வெவ்வேறு ஆண்டுகளில் இருக்கும்.

தாத்தாவின் பழைய ஊர்க் கோயிலில், கொல்லம் 1118 மேட மாதத்து ஞானஸ்நானப் பதிவொன்று அவர் கண்ணில் பட்டது. 1943 ஏப்ரல்-மே என்று அதைக் கொள்ளலாம். தாத்தாவின் முதல் பெண் குழந்தை. பாட்டியின் பெயரே இடப்பட்டிருந்தது. அது தம் அத்தைதான் என்று அவர் குறித்துக்கொண்டார். ஆனால் அத்தையின் பள்ளிச் சான்றிதழ் 1946 என்றது. பள்ளியில் வயதைக் குறைத்துச் சொல்வது அக்காலத்து வழக்கந்தானே என்று உறவினர்கள் சிரித்தார்கள். அத்தை மூன்றாண்டு கூடுதலாகச் சம்பளம் வாங்கிவிட்டார் என்று கேலியும் செய்தார்கள். செவிலியரால் சிரிக்க இயலவில்லை. குடும்பம் மலையேறியது 1944 தையில். அத்தை மலையில் பிறந்தவர் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அப்படியானால் 1943இல் மீனச்சிலில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தை யார்? உயிரோடிருக்கும் மகளின் பெயரை இன்னொரு மகளுக்கு எவரும் இடுவதில்லை. இரண்டு குழந்தைகள் இருந்திருக்கிறார்கள். முதல் குழந்தையின் பெயர் இரண்டாவதற்குச் சென்றிருக்கிறது. இறப்புப் பதிவு எங்கும் கிடைக்கவில்லை. தலச்சேரி மறைமாவட்டம் அமைந்ததே 1953இல்தான். 1944இல் அந்தச் சரிவில் கோயிலும் இல்லை, கல்லறைத் தோட்டமும் இல்லை, ஏடு வைத்து எழுதப் பாதிரியாரும் இல்லை.

அதே விடுமுறையில், தகரப் பெட்டியொன்றிலிருந்து தாத்தாவின் குழிக்காணப் பத்திரம் வெளிவந்தது. மரம் வைத்துப் பயிர்செய்யும் உரிமையோடு ஜன்மியிடமிருந்து நிலம் பெறும் குத்தகை அது. பத்திரத்தில் நான்கெல்லைகள் குறிக்கப்பட்டிருந்தன: கிழக்கே பாறை, தெற்கே வழி, மேற்கே இன்னொரு குடியேறியவரின் நிலம். வடக்கே 'குறிச்சியர் புனம்'.

மலைச்சரிவை எரித்து, சில ஆண்டுகள் விதைத்து, பின்னர் ஓய்வுக்கு விடும் நிலமே புனம். தினைப்புனத்தில் காவலிருந்த வள்ளியை அறிந்த தமிழருக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஆளில்லாத இடத்தில் புனம் இருக்க முடியாது. சொல்லிலேயே உழுதவரும் காத்தவரும் அடங்கியிருக்கிறார்கள். ஆனால் ஓய்விலிருக்கும் புனத்தில் புதர் மண்டும், மரம் தலைகாட்டும். வரப்பு கட்டிய வயலையும் வேலியிட்ட தோட்டத்தையும் மட்டுமே வேளாண்மை என அறிந்த சமவெளிக் கண்ணுக்கு அது காடாகவே தோன்றும். 'ஆளில்லாக் காடு' என்று தாத்தா சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அந்த நிலத்தை வாசிக்கும் பயிற்சி அவருக்கு இல்லாதிருந்திருக்கலாம். ஆயினும் பத்திரம் எழுதியவருக்கு அது தெரிந்திருந்தது. பத்திரத்தில் கையொப்பமிட்ட தாத்தாவுக்கும் வாசித்துக் காட்டப்பட்டிருக்கும்.

நிலச் சீர்திருத்தத்துக்குப் பின் குத்தகையாளருக்கு உடைமை கிடைத்தது. அப்போது வழங்கப்பட்ட கிரயச் சான்றிதழும் அதே பெட்டியில் இருந்தது. அதில் வடக்கெல்லை 'ஓடை'. புனம் இருந்த இடத்தைத் தாண்டிய பிறகே ஓடை வரும்.

குடும்பம் மலையேறியபோது ஏழு வயதுச் சிறுவனாக இருந்த பெரியப்பாவிடம் அவர் முதலில் குழந்தையைப் பற்றியே கேட்டார். முதியவர் வெகுநேரம் பேசவில்லை. பின்னர், "அம்மா இருந்தவரை அதைப் பேசக்கூடாது என்றிருந்தது. பிறகு பேச ஆளில்லாமல் போயிற்று" என்றார். முதல் மழைக்காலம். வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல். கொயினா வாங்க நகரத்துக்கு இறங்கிய தந்தை திரும்பி வருவதற்குள் குழந்தை போய்விட்டது. மறுநாள் குடிசைக்குக் கீழே குழி தோண்டத் தொடங்கினார்கள்.

"அப்போது வடக்கே இருந்து அந்தக் குறிச்சிய மூப்பன் வந்தார். நம் பக்கத்தில் வரமாட்டார், அவர்களுக்குத் தீட்டு. தூரத்தில் நின்றபடியே கூப்பிட்டுச் சொன்னார்: அங்கே தோண்டாதே, கர்க்கடகத்தில் ஊற்று பொங்கும், குழந்தை வெளியே வந்துவிடும். மேலே, பாறைக்கு இப்பால் தோண்டு என்று கையைக் காட்டினார். அப்பன் மேலே போய்த் தோண்டினார். அந்தக் கர்க்கடகத்தில் கீழே ஊற்று வந்ததை நான் பார்த்தேன்."

அந்த மூப்பனின் நிலம் பிறகு என்னவாயிற்று என்று செவிலியர் கேட்டார். "ஐம்பதுகளில் நாம் வடக்கே கொஞ்சம் வெட்டிச் சேர்த்தோம். அவர்கள் மேலே போய்விட்டார்கள்" என்றார் பெரியப்பா. 'போய்விட்டார்கள்' என்ற வினையில் போக நேர்ந்த காரணத்துக்கு இடமில்லை. செவிலியர் அதற்குமேல் கேட்கவில்லை.

வரைவு உறவினர்களிடையே சுற்றியபோது எதிர்ப்பு எழுந்தது. அந்தச் சரிவில் இன்று ரப்பர் வைத்திருக்கும் சித்தப்பா குழந்தையைப் பற்றி எழுதலாம் என்றார். புனத்தைப் பற்றி எழுதக் கூடாது என்றார். அவருடைய அச்சம் வெற்று அச்சமன்று. பழங்குடியினரிடமிருந்து கைமாறிய நிலத்தை மீட்டுத் தரும் சட்டத்தைக் கேரளம் 1975இல் இயற்றியது. அதற்கான விதிகள் 1986வரை வகுக்கப்படவில்லை. 1999இல் வந்த மாற்றுச் சட்டம், இரண்டு ஹெக்டேர்வரை வைத்திருப்போர் அதைத் தக்கவைத்துக்கொள்ள வழிசெய்தது. ஆயினும் மலையோரக் குடும்பங்களில் அப்பேச்சு எழுந்தால் இன்றும் குரல் தாழும். "உன் புத்தகத்தை நாளைக்கு ஒரு வக்கீல் படிப்பான். வியர்வை சிந்தியது நாம். அந்தக் காய்ச்சலில் செத்தது நம் பிள்ளை" என்றார் சித்தப்பா.

அவர் சொன்னதில் எதுவும் பொய்யில்லை. எஸ்.கே. பொற்றெக்காட் 1948இல் எழுதிய புதினத்தில், குடியேறியவர்களுக்கு அந்த மண் 'விஷக்கன்னி'யாகவே வாய்த்தது. அந்தத் துயரம் மெய்யானது. ஆனால் துயரம் மெய்யானது என்பதனால் அந்த நிலம் ஆளற்றது என்று ஆகிவிடாது. அந்தக் குழந்தை இறந்த இடத்தைப் பதிவேடு மறந்தது. அதைக் காத்தது ஒரு முதியவரின் நினைவு. பக்கத்து நிலத்துக்காரரைக் குடும்பத்தின் நினைவு மறந்தது. அவரைக் காத்தது ஒரு பத்திரம். இரண்டையும் ஒருசேர வைக்கும்போதுதான், குழிக்கு இடம் காட்டிய கை யாருடையது என்பது புலப்படுகிறது. ஒன்றை அச்சிட்டு மற்றொன்றை விட்டுவிட்டால், அந்தக் குழந்தை அடக்கமான கதையும் பாதியாகிவிடும்.

நூல் இன்னும் அச்சேறவில்லை. செவிலியர் தம் வரைவின் முதல் வாக்கியத்திலிருந்து 'ஆளில்லாக் காடு' என்பதை நீக்கிவிட்டு, பத்திரத்தின் நான்கெல்லைகளையும் உள்ளபடியே எழுதியிருக்கிறார். சித்தப்பா அதை இன்னும் ஏற்கவில்லை. பெரியப்பாவுக்கு அதை வாசித்துக் காட்டியபோது அவர் ஒரு திருத்தம் மட்டும் கேட்டார்: அந்த மூப்பனின் பெயர் தமக்கு நினைவில்லை, அதற்கு இடம் விட்டு அச்சிட வேண்டும், யாராவது மேலே சென்று விசாரிக்க வேண்டும்.