வானமே கூரை

பகலுக்குப் பருந்து, இரவுக்கு ஆந்தை. 'விக்ராந்த்' கப்பலிலும் அப்படித்தான். 1971 டிசம்பர்ப் போரில் சிட்டகாங், காக்ஸ் பஜார் பகுதிகளைப் பகலில் 'ஸீஹாக்' விமானங்கள் தாக்கின. இருட்டிய பிறகு 'அலிஸே' கிளம்பும். உள்ளே மூன்று பேர், ராடார்தான் கண். குண்டு போடுவதாவது ஒரு வேலை! இருண்ட கடலில் ஓடிக்கொண்டிருக்கும் கப்பலைத் தேடிப் பிடித்து அதன் முதுகில் வந்து இறங்குவதல்லவா சாமர்த்தியம்?

அந்தத் தாய்க்கப்பலை 2014-ல் உடைக்கத் தொடங்கினார்கள். அதன் இரும்பில் ஒரு பங்கு மோட்டார் சைக்கிளாயிற்று. குஞ்சு மட்டும் கோவாவிலுள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்தில் பிழைத்திருக்கிறது. இரவில் உழைத்தது, இன்று திறந்த வெளியில் வெயில் காய்கிறது.

எங்கள் புதுக்கோட்டை அருங்காட்சியகத்தில் பழைய நாணயத்துக்குக்கூடக் கூரை உண்டு. உயிரைப் பணயம் வைத்தவர்களைச் சுமந்த இறக்கைக்கு மட்டும் வானமே கூரையா?